வலப் பக்கத்துப் பச்சை

— என்னங்க, இந்தப் படம் எப்படி உங்க மேசைக்கு வந்துச்சு?

— எந்தப் படம்?

— பசை பாட்டில் மேல சாய்ச்சு வச்சிருக்கீங்களே, அதுதான். என் கிமோனோ பெட்டிக்குள்ள அடியில இருந்த படம்.

— ஓ, அதுவா. மாடல் செய்யணும்னா ஒரு நிஜ விமானத்தைப் பாத்துத்தானே செய்யணும்? டப்பாவுல அச்சடிச்ச படத்தைப் பாத்து ஊரே செய்யுது. நம்ம வீட்டுலயே நிஜப் படம் இருக்கும்போது நான் ஏன் வெளியில தேடணும், சொல்லு பாப்போம்.

— கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேன்.

— குடுத்திருப்பியா, மிசாவோ?

— சரி விடுங்க. அது மேல பெயிண்ட் படாம பாத்துக்கோங்க.

— என் சட்டையெல்லாம் பெயிண்ட். அதைக் கேக்கல. படத்து மேலதான் படக்கூடாது.

— சட்டையைத் துவைக்கலாம்.

— அதானே. உக்காரு. வந்தது வந்தே, விமானத்தைப் பாத்துட்டுப் போ. என்ன விமானம்னு தெரியுதா?

— ஹியென்.

— பரவாயில்லையே. நம்ம வீட்டுக்காரிக்கு போர் விமானத்துப் பேரெல்லாம் வாயில வருது.

— கிஃபூக்காரி நான். எங்க ஊரு ஓரமாத்தானே அதைச் செஞ்சாங்க. எங்க ஊருப் பிள்ளைங்களுக்குக் காட்டுக் குருவி பேரு தெரியாட்டியும் அது பேரு தெரியும். அவ்வளவுதான்.

— ஞாயித்துக்கிழமை டிபார்ட்மெண்ட் ஸ்டோர் மாடியில எங்க மாடல் சங்கத்துக் கண்காட்சி. சங்கத்துல என்கூட இருக்கிற தொகுதா இந்த வருஷமும் ஜீரோ விமானம்தான் வைக்கிறான். மேல பச்சை, கீழ சாம்பல், வேலை முடிஞ்சுது. இது அப்படி இல்ல. வெள்ளித் தகடு தெரியணும், அது மேல பச்சை வலை மாதிரி பின்னிப் போகணும். புள்ளியும் இல்ல, கோடும் இல்ல, ரெண்டுங்கெட்டான். அப்போ எல்லாத்தையும் கையாலதானே அடிச்சாங்க? அதனால அடிச்ச ஆளோட கை அதுல தெரியும்.

— தெரியுமா?

— கையெழுத்து மாதிரி. இந்தப் படத்து விமானத்தை அடிச்சவன் ஒரு கிறுக்கன். மத்தவன் எல்லாம் ஒரு பக்கமா சாய்ச்சு இழுத்தா இவன் எதிர்ப் பக்கமா இழுத்திருக்கான். எனக்கு வரவே மாட்டேங்குது. அடிக்கிறேன், அழிக்கிறேன், திரும்ப அடிக்கிறேன். தின்னர் வாசனையில மண்டை வலிக்குது.

— அதுக்குத்தான் ஜன்னலைத் திறந்து வையுங்கன்னேன்.

— திறந்தா தூசி வந்து ஒட்டும். கிறுக்கனா இருந்தாலும் நல்லாத்தான் அடிச்சிருக்கான், அதையும் சொல்லணும். சரி, நீ சொல்லு. எப்படி இருக்கு?

— நல்லா இருக்கு.

— பக்கத்து வீட்டுக்காரி குடுத்த ஊறுகாயைச் சொல்ற மாதிரி சொல்றே. நிஜத்தைச் சொல்லு.

— இடப் பக்கம் நல்லா இருக்கு. இந்தப் பக்கம் இவ்வளவு பச்சை கிடையாது.

— எந்தப் பக்கம்?

— வலப் பக்கம். சிவப்பு வட்டத்துக்குப் பின்னால, வால் வரைக்கும் வெறும் வெள்ளிதான். அங்கங்க லேசா ஒரு தீத்தல், அவ்வளவுதான்.

— மிசாவோ, படத்துல தெரியறது இடப் பக்கம்.

— ஆமா.

— இடப் பக்கம் மட்டும்தான். இன்னொரு பக்கம் எப்படி இருந்துச்சுன்னு எனக்கும் தெரியாது, தொகுதாவுக்கும் தெரியாது. மாடல் செய்யறவன் எவனா இருந்தாலும் படத்துல தெரியாத பக்கத்தை ஊகிச்சுத்தான் அடிப்பான். நானும் அப்படித்தான் அடிச்சேன். உனக்கு எப்படித் தெரியும், சொல்லு பாப்போம்.

— டீ ஆறிப் போச்சு. வேற போட்டு எடுத்துட்டு வரேன்.

— டீ கிடக்கட்டும். அப்போ நீ அந்த விமானத்தைச் சுத்தி வந்திருக்கே.

— வந்திருக்கேன்.

— அவனோடயா?

— யாரோட?

— எஞ்சின் பக்கத்துல நின்னு பல்லைக் காட்டுறானே, இவனோட. கழுத்துல வெள்ளைப் பட்டுத் துணி வேற. பல்பொடி விளம்பரத்துக்கு வந்தவன் மாதிரி நிக்கிறான்.

— அப்போ விமானிங்க எல்லாருமே படத்துல அப்படித்தான் நின்னாங்க. படம் எடுக்கிறவங்க சிரிக்கச் சொல்லுவாங்க.

— அவனுக்குப் பரிஞ்சு பேசாதே.

— நான் படம் எடுத்தவருக்குத்தான் பரிஞ்சு பேசினேன்.

— விளையாடாதே, மிசாவோ. கோடையில ஒரு நாள், பூச்சி அரிக்கக்கூடாதுன்னு கிமோனோவை எல்லாம் எடுத்துக் காத்தாடப் போடுவியே, அன்னிக்கு நான் வேணும்னே வீட்டுல இருப்பேன். காகிதக் கதவுக்கு இந்தப் பக்கம் பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்திருப்பேன். நீ துணியை எல்லாம் கொடியில விரிச்சுட்டு, கடைசியா அந்தப் படத்தை எடுப்பே. வெளிச்சத்துல பிடிச்சுக்கிட்டு அப்படியே நிப்பே. கூப்பிட்டாக்கூட உனக்குக் காது கேக்காது.

— இது யாருன்னு ஒரு தடவையாவது என்னைக் கேட்டிருக்கீங்களா?

— எதுக்குக் கேக்கணும்? கேட்டா நீ சொல்லிடுவே. சொன்னா அவனுக்கு ஒரு பேரு வந்துடும். பேரு வந்துட்டா சாப்பிடறப்ப நமக்கு நடுவுல வந்து உக்காருவான்.

— இப்போ மட்டும் கேக்கறீங்களே.

— இப்போ கேக்க வேண்டியிருக்கு. மாடலுக்கு முன்னால ஒரு அட்டை வைக்கணும். எந்தப் படை, எந்த ஊரு, யாரு ஓட்டினதுன்னு எழுதி வைக்கணும். உன் கையெழுத்து அழகா இருக்கும். இந்தா அட்டை, இந்தா தூரிகை. அவன் பேரை நீயே எழுதிடு.

— உங்க மாடலுக்கு நான் எதுக்கு எழுதணும்?

— ஏன், எழுத மனசு வரலையா?

— அது இருக்கட்டும். அட்டையைக் கீழ வையுங்க. பிடிக்காத ஆளோட விமானத்தை இவ்வளவு பாடுபட்டு எதுக்குச் செஞ்சீங்க?

— எனக்கே சரியாத் தெரியல. கண்ணாடி போட்டவன்னு என்னைப் படையில எடுக்கல. ரயில்வே கிடங்குல மூட்டையைப் பாத்துக்கிட்டு கிடந்தேன். என் வயசுக்காரனுங்க தலைக்கு மேல பறந்தானுங்க. சண்டை முடிஞ்சு முப்பது வருஷம் ஆச்சு, இவன் இன்னும் உன் பெட்டிக்குள்ள பறந்துக்கிட்டிருக்கான். இவன் ஏறின விமானத்தை உள்ளங்கையில அடங்கற மாதிரி ஆக்கிட்டா இவனும் சின்னவனா ஆயிடுவான்னு நினைச்சேன்.

— ஆனாரா?

— எங்க ஆனான்? உள்ள உக்கார வைக்க டப்பாவுல ஒரு விமானி பொம்மை இருந்துச்சு. மிளகு அளவு மூஞ்சி. கண்ணு வரைஞ்சு உக்கார வச்சேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் நீ இருக்கிற சமையலறையையே பாக்கிற மாதிரி இருந்துச்சு. பிடுங்கித் தூக்கிப் போட்டுட்டேன். இப்போ இருக்கை காலி.

— தெரியும். குப்பைக் கூடையில கிடந்தாரு.

— நீ பாத்தியா?

— கூடையைக் கொட்டறது நான்தானே.

— பேரைச் சொல்லிடு, மிசாவோ. உயிரோட இருக்கானா, செத்துட்டானா, அதையாவது சொல்லு.

— தெரியாதுங்க.

— எது தெரியாது?

— ரெண்டும்தான். அவர்கிட்ட நான் ஒரு வார்த்தைகூட பேசினதில்ல.

— பேரு தெரியாத ஒருத்தன் படத்தையா கல்யாணப் பெட்டியில வச்சு எடுத்துட்டு வருவாங்க? என் காதுல பூ சுத்தாதே.

— அந்த ஸ்ப்ரேயைக் குடுங்க.

— எதுக்கு?

— குடுங்களேன். பச்சை ரொம்பக் கெட்டியா இருக்கு, அதான் திட்டுத் திட்டா விழுது. இன்னும் கொஞ்சம் தின்னர் விடுங்க. போதும்.

— மாடலைத் தொடாதே, சொல்லிட்டேன். அந்த உடைஞ்ச இறக்கைத் துண்டு கிடக்கு பாரு, அதுல வேணா அடி.

— நீங்க மணிக்கட்டை மட்டும் ஆட்டறீங்க. கொஞ்சம் தள்ளிப் பிடிச்சு, தோளுலேருந்து ஆட்டணும். இப்படி.

— நீ அதை இடது கையில பிடிச்சிருக்கே.

— ஆமா.

— இடது கையிலயா?

— என் கை அதுதாங்க. பிறந்ததுலேருந்தே. எழுதறதுக்கும் சாப்பிடறதுக்கும் என்னை அடிச்சு வலது கைக்குப் பழக்கினாங்க. எங்க அப்பா இதைக் கயிறு போட்டு இடுப்போட கட்டிவிட்டிருக்காரு.

— இவ்வளவு காலம் ஒரே வீட்டுல இருந்திருக்கோம். எனக்குத் தெரியவே தெரியாதே.

— தெரியக்கூடாதுன்னுதானே இருந்தேன். பொண்ணு கேட்டு வந்தப்ப உங்க அம்மா முதல்ல கேட்டதே அதைத்தான். பொண்ணு இடது கைக்காரி இல்லையேன்னாங்க. கல்யாணத் தரகுக்கு வந்த பொம்பளை, இல்லவே இல்லன்னு அடிச்சுச் சொல்லிட்டாங்க. அன்னிலேருந்து ஒரு ஊசியைக்கூட நான் இந்தக் கையில பிடிச்சதில்ல.

— அம்மா போய்த்தான் எவ்வளவோ காலம் ஆச்சே.

— அதுக்குள்ள பழகிப் போச்சு. பொய் சொல்லி வந்து சேந்தவன்னு நீங்களும் நினைச்சுட்டா என்ன பண்றதுன்னு இருந்துட்டேன்.

— இரு, இரு. அந்த இறக்கையைக் காட்டு. இது எதிர்ப் பக்கமா சாயுது. படத்துல இருக்கிற மாதிரியே சாயுது.

— கிறுக்கன் இல்லங்க, கிறுக்கி. சண்டையோட கடைசி வருஷம் பாடத்தை நிறுத்திட்டு எங்க வகுப்பையே பெயிண்ட் பட்டறைக்கு அனுப்பினாங்க. எந்தக் கையில அடிச்சா என்ன, விமானம் வெளியில போனா போதும்னாரு மேஸ்திரி. என் வாழ்க்கையில இந்தக் கையை யாரும் அடிக்காத ஒரே வருஷம் அது. இந்த விமானத்துக்கு வலப் பக்கம் பாதியில பச்சை தீந்துபோச்சு. மறுநாளே ஓட்டிட்டுப் போக ஆள் வந்துட்டாரு. அன்னிக்கு எடுத்த படத்துலதான் அடிச்ச பொண்ணுங்களுக்கு ஆளுக்கொண்ணு குடுத்தாங்க.

— அப்போ இந்தப் பல்லுக்காரன்?

— யாரோ. அவர் குறுக்க வந்து நின்னு, நான் அடிச்சதுல நல்ல பாதியை மறைச்சுட்டாரேன்னு ஒவ்வொரு கோடையிலயும் எனக்கு வயித்தெரிச்சல்தான்.