எந்திரக் கதவில் எழுதிய எண்

என் வாயை அடக்கவென்றே மரச்சுத்தியலோடு அமர்ந்திருக்கும் சங்கத் தலைவி டொலோரஸ் வோய்சிக் அவர்களே! முழங்கால் வலியை மறைத்து முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்த தோழர்களே! வெள்ளிக்கிழமை மீன் வறுவலால் இந்த டொலீடோ ஊரையே ஆண்டுகொண்டிருக்கும் தாய்மார்களே! பள்ளிக்கூடம் துரத்திவிட, பட்டறை வளர்த்த வெர்னன் குபியாக்கின் வணக்கம்!

இன்று எதற்கு வாக்கு? நம் வால்வு ஆலையின் இரண்டாம் உற்பத்தி லைனின் வேலை நுணுக்கத்தைச் சீனத்துக் கூட்டாளி ஆலைக்குக் கற்றுத்தரக் கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா என்பதற்கு!

முதல் லைன் நம் கையைவிட்டுச் சீனாவுக்குப் போனது எப்படி? முதலில் வரைபடம்தானே போயிற்று? அதை வைத்து அவர்கள் செய்த வால்வு எல்லாம் ஒழுகியது! ஏன்? வரைபடத்தில் ஓர் அளவு தப்பு. முப்பது ஆண்டாக நமக்குத் தெரியும். திருத்தினோமா? நாமாவது, திருத்துவதாவது! சரியான எண்ணைச் சாக்பீஸால் எந்திரக் கதவில் எழுதிவைத்து வேலையைப் பார்த்தோம்.

ஒழுகலுக்குக் காரணம் தேடி அங்கிருந்து ஷென் என்றொரு பொறியாளர் இங்கே வந்தார். மூன்று தட்டு மீன் சாப்பிட்டார். திரும்பிப் போனார். அங்கே ஒழுகல் நின்றது. இங்கே நம் முதல் லைன் நின்றது!

கதவு எண்ணை அவரிடம் சொன்னது யார்? கதவில் எண்ணை எழுதியது நம் பட்டறைத் தோழன் ரஸ்ஸலின் கை. அதனால் ரஸ்ஸல்தான் என்றீர்கள். எட்டு மாதமாக அவனோடு பந்துருட்டி விளையாடக்கூட ஆளில்லை.

சொன்னவன் ரஸ்ஸல் இல்லை. நான்!

(கத்துங்கய்யா, நல்லா கத்துங்க. டாரில், பாட்டில கீழ வைடா, மண்டை என்னுது!)

"அண்ணே, இப்படி ஒரு கைவேலைய நான் எங்கயும் பாத்ததில்ல. அது என்ன நம்பர்?" என்றார் ஷென். அவ்வளவுதான்! என் பெண்டாட்டி இருபது வருடத்தில் சொல்லாத வார்த்தை. உச்சி குளிர்ந்தது, உள்ளதெல்லாம் கொட்டினேன். அவர் திருடவில்லை, தோழர்களே! கேட்டார். கேட்காததையும் சேர்த்து நான் கொடுத்தேன்!

(தலைவியம்மா, தட்டாதீங்க தாயே, ரெண்டே நிமிஷம்!)

கற்றுத்தரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் லைன் இந்தக் கூரைக்குக் கீழேதான் ஓடும் என்று நிர்வாகம் முதலில் எழுதித் தரட்டும்! எழுதித் தராதவரை எந்தக் கை கையெழுத்திடும்? எந்த வாய் திறக்கும்? ஊரே சேர்ந்து மூடமுடியாத என் வாயே மூடிக்கொள்ளும்!

ரஸ்ஸல், எந்திரிய்யா. எட்டு மாசமா நீ வாங்குன ஏச்சு எனக்கு வரவேண்டியது. மன்னிக்காட்டியும் பரவாயில்ல. "வேண்டாம்"னு தூக்குற முதல் கை உன்னோடதா இருக்கட்டும், ரெண்டாவது என்னோடது.

ஏசியும் இறுதிவரை கேட்ட உங்கள் பொறுமைக்கு நன்றி. சுத்தியல் இனி உங்களுடையது, தலைவியம்மா. வணக்கம்!