தூக்கம் என்றேன், துடிக்கிறாள் என்றார்கள்

விழாவின் தலைமையை ஏற்று, என் போன்றவளிடமும் ஒலிபெருக்கியை ஒப்படைத்த துணிச்சல்காரர், பெரியவர் வெங்கடேஸ்வரன் அவர்களே! புனே கேம்ப் கடைத்தெரு நெரிசலை நீந்திக் கடந்து வந்து அமர்ந்திருக்கும் சான்றோர்களே! அடுப்பில் ஏற்றிய குக்கரைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு ஓடோடி வந்த தாய்மார்களே! பகலெல்லாம் கணினியோடு மல்லுக்கட்டிவிட்டு மாலையில் தமிழ் கேட்க வந்த இளைய தோழர்களே! சந்திரிகாவின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

'இதயம்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். காதலைப் பற்றிப் பேசுவாள் என்று நினைத்திருப்பார்கள். நான் பேசப்போவது கத்தி பட்ட இதயத்தைப் பற்றி. என் இதயத்தைப் பற்றி!

தொண்ணூற்றேழாம் ஆண்டு. மணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து இந்த ஊர்க் கோந்த்வாவுக்கு வந்து ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். புது ஊர், புதுத் தண்ணீர், போகப் போகப் பழகிவிடும் என்றிருந்தேன். ஒருநாள் படியிலேயே சரிந்தேன். சிறுவயதில் வந்த மூட்டுக்காய்ச்சல், இதய வால்வு ஒன்றைச் சுருக்கிவிட்டதாம். மார்பைத் திறந்து, அதை அகற்றிச் செயற்கை வால்வு வைக்க வேண்டுமாம். சாகண் தொழிற்சாலையில் பொறியாளரான என் கணவர் சின்னதுரை அன்று சோறே உண்ணவில்லை. அதோ, தலையைக் குனிந்துகொள்கிறாரே, அவர்தான்!

நிறுத்தினார்கள், அன்பர்களே! என் இதயத்தை நிறுத்தினார்கள்! இரத்தம் ஓர் இயந்திரத்துக்குள் ஓடி, அங்கே மூச்சு வாங்கி, என் உடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த வேளையில் நான் எங்கே இருந்தேன்? எந்த வெளியில் மிதந்தேன்? எந்தக் கரையில் கிடந்தேன்? யாரறிவார்!

நான் அறிந்ததெல்லாம் அதன்பின் வந்த கனவைத்தான். மழை பெய்கிறது; நனையவில்லை. ஆட்டோவில் போகிறேன், சக்கரம் தரையில் படவில்லை. கேம்ப் தேவாலயத்துக் கோபுரத்தைச் சுற்றி, கோந்த்வாவின் பாதி கட்டிய மாடிகளுக்கு மேலே, மெல்ல, மெல்ல, மேகத்துக்குள் போகிறோம். ஓட்டுநர் ஒரு வார்த்தை பேசாமல் மீட்டர் போடுகிறார். புனேயில் இது நடக்குமா? அப்போதாவது கனவென்று எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? சிரியுங்கள், சிரியுங்கள்!

அந்த மேகத்துக்குள் ஒரு குரல். தேனில் தோய்ந்த குரல். "தூக்கமா?" என்று கேட்டது.

அடடா, என்ன அக்கறை! "ஆமாங்க, தூக்கமுங்க" என்றேன். கையில் ஏதோ சுருக்கென்றது. ஆட்டோ இன்னும் மேலே போனது. மீண்டும் குரல். "தூக்கமா?" "ரொம்பத் தூக்கமுங்க!" மீண்டும் சுருக். மீண்டும் மேகம்.

அன்பர்களே! அந்தக் குரல் தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலி வைஷாலியின் குரல். மராத்தியைத் தவிர வேறு மொழியில் கனவுகூடக் காணாதவர். அவர் கேட்டது என்ன தெரியுமா? "துக்தய் கா?" வலிக்கிறதா என்று கேட்டார்! நான் தூக்கம் என்றேன். அவர் காதில் அது துக்கமாக, மராத்தியில் வலியாக, விழுந்தது. பாவம் இந்தப் பெண், வலியில் துடிக்கிறாள் என்று, மருத்துவரிடம் சொல்லிச் சொல்லி வலிக்கு ஊசி போட்டார். ஊசி போடப் போட எனக்குத் தூக்கம். தூக்கம் என்று சொல்லச் சொல்ல இன்னும் ஊசி!

இரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியது. அறுவை மருத்துவர் வந்தார். வலி அடங்கவில்லை, அழுத்தம் நிற்கவில்லை. உள்ளே இரத்தம் கசிகிறதோ? தைத்த மார்பை மறுபடி திறக்கத்தான் வேண்டுமோ? இரண்டாம் முறை தாங்குவாளோ, மாட்டாளோ என்றே எல்லோருக்கும் அச்சம். வெளியே நின்ற என்னவரைக் கூப்பிட்டு, "ஒருமுறை பார்த்துக்கொள்" என்றார்கள். அவர் உள்ளே ஓடி வந்தார்.

அவர் கண்ணெதிரே வைஷாலி குனிந்து கேட்டார்: "துக்தய் கா?"

நான் சொன்னேன்: "ஆமாங்க... தூக்கமுங்க..."

என்ன செய்தார் என் கணவர்? சிரித்தார்! தீவிர சிகிச்சைப் பிரிவே அதிரச் சிரித்தார்!

"பாகல் ஹோ க்யா?" என்று சீறினார் மருத்துவர். பைத்தியமா உனக்கு என்று அர்த்தம்.

"டாக்டர் சாப், தூக்கம் மத்லப் நீந்த்! நீந்த்! இவளுக்கு உறக்கம் வருதாம்!" என்று இந்தியும் தமிழும் குழைத்துக் கத்திவிட்டு, என் காதருகே வந்தார். "சந்திரி, நெஞ்சு வலிக்குதா கண்ணு?"

"வலியா? இல்லீங்க. தூங்கவே விடமாட்டேங்கறாங்க. சும்மா சும்மா ஊசி குத்தறாங்க."

மறுபடி திறக்கவிருந்த கத்தி நின்றது! மருத்துவர் கசிவுக் குழாயைப் பார்த்தார், அதில் இரத்தம் கூடவில்லை. ஊசியை நிறுத்தினார், காத்திருந்தார். அழுத்தம் படிப்படியாக ஏறியது. அதுவரை சிரித்த மனிதர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். வைஷாலியும் அழுதார். அவர்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. பெற்றவள் போல் கேட்டார், கேட்டதை நம்பினார்.

தம்பிகளே, தங்கைகளே! மருத்துவமனைகளில் நம் நோயாளிகளுக்குத் துணையிருக்க ஆள் தாருங்கள் என்று இந்தத் தமிழ்ச் சங்கம் இன்று கேட்கிறது. தலைவர் மகள் ரோஹிணி சற்றுமுன், "ஆன்ட்டி, என் தமிழ் தோடா... கொஞ்சம் வீக், நான் எப்படி வர?" என்றாள். கண்ணே, இலக்கணமா கேட்கிறோம்? இலக்கியமா கேட்கிறோம்? 'வலிக்குதா' என்று கேட்கத் தெரியுமா? வா! 'தூக்கமா' என்று கேட்கத் தெரியுமா? ஓடி வா! ஓர் உயிரைப் பிடித்து நிறுத்த உன் உடைந்த தமிழ் போதும்!

என்ன, கை உயர்த்திவிட்டாளா? வாழ்க நீ!

மைக்காரரே, சத்தத்தைக் கூட்டுங்கள். அந்த மின்விசிறிகளைக் கொஞ்சம் நிறுத்துங்கள். குழந்தைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், தாய்மார்களே. இந்த மைக்கை என் மார்போடு சேர்த்து வைக்கிறேன். டிக்... டிக்... டிக்... கேட்கிறதா? உள்ளே அந்த வால்வு திறக்கிறது, மூடுகிறது. நன்றியையும் வணக்கத்தையும் இதுவே சொல்லட்டும். நான் பேசாமல் நிற்கிறேன்.