இருக்க முடியாத காம்பரா

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். தம்பியின் மடியில் மூடிய லேப்டாப்.

"நாம பொறந்த லயத்து ஒத்த அறைக் காம்பரா இருக்கவே முடியாதுன்னு சொல்லுதுக்கா கம்ப்யூட்டர்," என்றான் தம்பி.

"ஏனாம்?"

"தோட்டத்து வீடுகள வகை பிரிச்சுக் கம்ப்யூட்டர்ல எழுதுறேன். வெளிநாட்டுல யாரோ செஞ்சு வச்ச வீட்டு வகைப் பட்டியல நெட்டுல எறக்கி, அதுக்குக் கீழ நம்ம லயத்து வரிசை வீட்டச் சேத்தேன். அதுல ஒரு விதி இருக்கு. சமைக்கிற குசினியா இருக்கிற எடம் படுக்கிற அறையா இருக்கக் கூடாது. நம்ம காம்பரா ரெண்டுந்தானே? அதனால அப்படி ஒன்னு ஒலகத்துலயே இல்லங்குது. பிழை எங்கன்னு தேடித் தேடி நேத்துதான் புடிச்சேன்."

"அந்த விதிய அழிச்சிரு."

"அழிச்சிட்டேன். இப்ப ஒத்துக்கிருச்சு."

அக்கா அவன் பக்கம் திரும்பினாள்.

"அடுப்புப் பக்கத்துலதான் படுப்பேன்னு அழுவ நீ. அம்மா ரொட்டி சுடுற சூடு ஒன் முதுகுல படணும்."

"கொழும்புல எனக்குக் குசினி தனி, படுக்கிற அறை தனி. கம்ப்யூட்டரு ஒரு பிழையும் சொல்லாது," என்றான் தம்பி. "எனக்குத்தான் தூக்கம் வர மாட்டேங்குது."