கூட இருக்கும் ஆள்

குட்டிக்கானத்தில் பஸ் ஏலப்பாறைப் பக்கம் திரும்பியபோது, எனக்கு முன் சீட்டில் இருந்த பெரியவர், வீட்டுக் கூரை ஒழுகுவதைச் சொல்வதுபோலச் சொன்னார்:

"நெஞ்சுக்குள்ள வச்ச குழா ஒழுகுதாம், தாயி."

பக்கத்தில் இருந்த எஸ்டேட் பெண் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு அவள் முன்பின் தெரியாதவள்.

"என்ன குழாண்ணே?"

"பெரிய ரத்தக்குழா வீங்கிப்போச்சுன்னு முன்ன ஒருக்கா ஆப்பரேசன் பண்ணி, உள்ள ஒரு குழா வச்சாங்க. இப்ப அது ஓரமா ரத்தம் கசிஞ்சு, பழைய வீக்கம் பெருசாகுதாம். அதுக்குள்ளயே இன்னொண்ணு சொருகணுமாம். திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க."

"கூட யாரு இருக்கா? பைஸ்டாண்டர்னு துணைக்கு ஒரு ஆள் இல்லாம ஆஸ்பத்திரில சேக்க மாட்டாங்களே."

"சிஸ்டரும் அதான் கேட்டு, அவங்க நம்பரைச் சொல்லுங்கன்னாங்க. எனக்கு மனப்பாடமா வர்றது எம் பொண்டாட்டி நம்பர் மட்டுந்தான். அதையே சொல்லிட்டேன்."

"அவங்க வந்துருவாங்கல்ல?"

"அவ செத்துப்போயி வருசம் ஒண்ணாச்சு. போனு எங்கிட்ட இருக்கு. நான்தான் ரீசார்ஜ் பண்ணிட்டிருக்கேன்."

அவள் அவருடைய சட்டைப் பையைப் பார்த்தாள்.

"வராந்தாவுல உக்காந்திருக்கேன், சட்டைப் பையில அவ போனு அடிக்குது. 'செல்லையாவோட பைஸ்டாண்டரா?'ன்னு எம் பேரைச் சொல்லிக் கேட்டாங்க. ஆமா, பக்கத்துலதான் இருக்கேன்னுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சிரி தாயி, எனக்கே சிரிப்புதான் வந்துச்சு" என்றார். "திங்கக்கிழமை நான் உள்ள மயக்கத்துல கிடக்கையில அடிச்சா யாரு எடுப்பான்னுதான் தெரியல."