குதிகால் எழுந்ததா?

ஹார்லன்: ...அடிச்சா பாரு ஒரு அடி. பந்து போன வேகத்துல ரெண்டு பருந்து ஒதுங்கி வழி விட்டுச்சு.

டார்லா: அண்ணே, பருந்தை விடு. குதிகால் என்னாச்சு?

ஹார்லன்: என்ன குதிகால்?

டார்லா: உன் மகளோட இடது குதிகால். கோல்ஃப் கிளப்பைப் பின்னால தூக்குறப்ப தரையை விட்டு எழுந்துச்சா இல்லையா? ஒவ்வொரு குழிக்கும் அதைப் பாத்துச் சொல்றேன்னுதானே போன் பண்ற?

ஹார்லன்: எழுந்துச்சாவா... கின்லி நல்லா ஊணி நின்னா. வேலிக்கு நட்ட கல்லு மாதிரி. காளை வந்து முட்டியிருந்தாலும்...

டார்லா: ஊணியா நின்னா?

ஹார்லன்: அசையவே இல்ல.

டார்லா: ஐயோ அண்ணே. நீ சொல்றது பழைய ஸ்விங். குதிகாலைத் தரையில அறைஞ்சு வச்சு, இடுப்பைப் பூட்டிக்கிட்டு, முதுகை மட்டும் ஈரத்துணி பிழியுற மாதிரி முறுக்குவாளே, அது. அந்த முறுக்குலதான் போன வருஷம் முதுகு போச்சு.

ஹார்லன்: அதை நான் மறப்பேனா...

டார்லா: ஆபரேஷன் முடிஞ்சதுலேருந்து தலைபாடா அடிச்சுக்கிறேன். குதிகாலைத் தூக்குடி, இடுப்பும் சேர்ந்து திரும்பட்டும், தூரம் குறைஞ்சாக் குறையட்டும், முதுகு தப்பிக்கும்னு. இன்னொரு தடவை போச்சுன்னா கோல்ஃபை விடு, குனிஞ்சு ஷூ லேஸ் கட்டவே ஆள் வேணும்னு டாக்டர் சொல்லிட்டார். இப்ப நீ வந்து கல்லு மாதிரி நின்னான்னு...

ஹார்லன்: இரு, இரு. இப்ப ஞாபகம் வருது. எழுந்துச்சு. நல்லாவே எழுந்துச்சு. குதிகாலுக்கு அடியில ஒரு முயல் ஓடிப் போச்சுன்னா பாத்துக்கோ.

டார்லா: முயல்.

ஹார்லன்: சின்ன முயல்தான்.

டார்லா: ஆயுசு பூரா மாட்டு ஏலம் கூவின வாய். ரிட்டயர் ஆகியும் ஓய மாட்டேங்குது. நொண்டி மாட்டை யோசிச்சு நடக்குற மாடுன்னு வித்தவன்தானே நீ.

ஹார்லன்: வாங்கினவன் இன்னிக்கும் கிறிஸ்துமஸ் கார்டு அனுப்புறான்.

டார்லா: உள்ள திட்டியில்ல எழுதியிருப்பான்?

ஹார்லன்: நான் கார்டு மேல வரைஞ்சிருக்குற மணியை மட்டும்தான் பாப்பேன். ஆமா... நீ ஏன் குசுகுசுன்னு பேசுற?

டார்லா: கிளினிக்ல ஒரு அம்மா குப்புறப் படுத்திருக்காங்க. இடுப்புக்கு ஒத்தடம் குடுத்தேன், அப்படியே தூங்கிட்டாங்க.

ஹார்லன்: பின்னால புயல் அடிக்கிற மாதிரி கேக்குது?

டார்லா: ஃபேன். நீதான் மைதானத்துல நிக்கிற, உன் பக்கம் காத்தே கேக்கலையே? ஏப்ரல் மாசத்து ஓக்லஹோமாவுல காத்து இல்லாத மைதானம் எங்கப்பா இருக்கு?

ஹார்லன்: தொப்பியைக் கழட்டி அதுக்குள்ள போனை வச்சுப் பேசுறேன்.

டார்லா: எங்க நிக்கிற?

ஹார்லன்: பாதை ஓரமாத்தான். பெத்தவங்க பாதையை விட்டு இறங்கக் கூடாது, பிள்ளைகிட்ட பேசக் கூடாது... காலையில அந்த நடுவர் அம்மா என்னைப் பாத்துத்தான் சொல்லிச்சு. யோசனை சொன்னா அவளுக்கு ரெண்டு அடி அபராதமாம். இருமினாக்கூட சந்தேகமாப் பாக்குறாங்க. நீயும் வந்திருக்கலாம்.

டார்லா: நான் வந்தா அவ பந்தைப் பாக்க மாட்டா, என் மூஞ்சியைப் பாப்பா. அத்தை சிரிக்கிறாளா, உதட்டைக் கடிக்கிறாளான்னு. அதனாலதான் வரலைன்னு அவகிட்டயும் சொல்லிட்டேன். ஸ்கோரைச் சொல்லு.

ஹார்லன்: பதினேழை நாலுல முடிச்சா. ஒண்ணுதான் பாக்கி. நம்ம டீம்ல அந்த அடிசன் பொண்ணு பந்தைக் காட்டுக்குள்ள தொலைச்சு எட்டு அடிச்சிடுச்சு. அஞ்சு பேர்ல நல்லா ஆடுற நாலு பேர் கணக்குதானே சேரும்... ஆக, கின்லி கணக்கு சேர்ந்தாகணும். கடைசிக் குழியை அஞ்சுல முடிச்சா கப் நம்ம காலேஜுக்கு.

டார்லா: கப் கிடக்கட்டும். முதுகோட வீடு வந்து சேரணும்.

ஹார்லன்: அதுவும்தான்... அதுதான்.

டார்லா: கடைசிக் குழியில எதிர்க்காத்து. முன்னால குளம் வேற. அவ கோச் ஒரு வாரமா, முன்ன மாதிரி தூரம் போகலையேன்னு முணுமுணுத்துக்கிட்டு இருந்தார். அது காதுல விழுந்து, ரோஷத்துல பழைய ஸ்விங்கை எடுத்தான்னா... முதல் அடி அடிச்சாச்சா?

ஹார்லன்: அடிச்சாச்சு, அடிச்சாச்சு. நேரா. கோடு போட்ட மாதிரி. காத்தே வெக்கப்பட்டு நின்னுடுச்சு.

டார்லா: எவ்வளவு தூரம்?

ஹார்லன்: அது... போச்சு. இன்னும் போய்க்கிட்டே இருக்கு.

டார்லா: அண்ணே.

ஹார்லன்: நான் என்ன டேப்பா வச்சிருக்கேன்?

டார்லா: சரி, அடிச்சதும் எப்படி நடந்தா? கை இடுப்புக்குப் போச்சா?

ஹார்லன்: ராணி மாதிரி நடந்தா. கை ரெண்டையும் வீசிக்கிட்டு, பக்கத்துல நடந்த பொண்ணு குடை சாஞ்சு விழுற அளவுக்கு... இரு, இந்தப் பாழாப் போன...

டார்லா: என்ன?

ஹார்லன்: ஒண்ணுமில்ல. போன் சுத்திக்கிட்டே நிக்குது.

டார்லா: என்கிட்ட பேசிக்கிட்டுத்தானே இருக்க, போன் எங்க சுத்துது?

ஹார்லன்: வேற ஒண்ணு... அதை விடு. ரெண்டாவது அடிக்கு வந்துட்டா. கிளப்பை எடுத்தா... தூக்கினா... விட்டா பாரு. குளத்தைத் தாண்டி! மீன் எல்லாம் தலையைத் தூக்கிப் பாக்குது.

டார்லா: குளத்தையா தாண்டிச்சு?

ஹார்லன்: சுத்தமா.

டார்லா: இந்த எதிர்க்காத்துல, ரெண்டாவது அடியில குளத்தைத் தாண்டணும்னா புது ஸ்விங் போதாது அண்ணே. முதுகைப் பிழிஞ்சாத்தான் முடியும். பிழிஞ்சாளா?

ஹார்லன்: தெரியாது டார்லா.

டார்லா: தெரியாதுன்னா?

ஹார்லன்: நான் பாக்கல. ஒண்ணையும் பாக்கல. வண்டிக்குள்ள கண்ணாடியை ஏத்திவிட்டு உக்காந்திருக்கேன்.

டார்லா: காலையிலேருந்தா?

ஹார்லன்: முதல் குழியில நின்னேன். அவ கிளப்பைத் தூக்கினா... போன வருஷம் அவ கத்தக்கூட இல்ல, உனக்குத் தெரியாது. கிளப்தான் கீழ விழுந்துச்சு. அந்தச் சத்தம் அப்படியே காதுல வந்துடுச்சு. கால் தானா திரும்பி வண்டிகிட்ட வந்துடுச்சு. போன்ல ஸ்கோர் வரும். மூணுன்னு வந்தா உனக்குப் பருந்து விடுவேன், ஆறுன்னு வந்தா காத்து மேல பழி போடுவேன். இப்ப அதுவும் நின்னுபோச்சு. அவ நிக்கிறாளா... விழுந்து கிடக்குறாளா...

டார்லா: பேசாத.

ஹார்லன்: திட்டு. நல்லாத் திட்டு. நான் அதுக்கு...

டார்லா: அண்ணே, ஒரு நிமிஷம் மூச்சு விடாம இரு.

ஹார்லன்: ...

டார்லா: ...

ஹார்லன்: அந்த அம்மா முழிச்சுக்கிட்டாங்களா? டார்லா... அங்க யாரு கை தட்டுறா? இடுப்புக்கு ஒத்தடம் குடுத்தா கையா தட்டுவாங்க?

டார்லா: குழி இருக்குற கிரீன்ல விழுந்துச்சு அண்ணே. கொடிக்குப் பக்கத்துலயே.

ஹார்லன்: எது? நீ... நீ எங்க இருக்க?

டார்லா: மைதானத்துலதான். கத்தாத, உன் குரல் நடுவர் அம்மா வரைக்கும் கேக்கும். அவ ரெண்டாவது அடியில குளத்தைத் தாண்டவே இல்ல. குளத்துக்கு முன்னாலயே பொட்டு மாதிரி வச்சா. கோச் தலையில கை வச்சுக்கிட்டார். அவ திரும்பிக்கூடப் பாக்கல. பக்கத்துப் பொண்ணு தாண்டி அடிச்சும் இவ அசையல. இப்ப மூணாவது அடியிலதான் தாண்டினா.

ஹார்லன்: புத்திசாலி... அவங்க அம்மா புத்தி.

டார்லா: இப்ப பந்தைக் குழிக்குள்ள தட்டப் போறா. இரு... ஒண்ணு. குழிக்குப் பக்கத்துல நின்னுடுச்சு. இன்னும் ஒரு சாண் தூரம்... உள்ள போயிடுச்சு. அஞ்சு. அஞ்சுதான் அண்ணே.

ஹார்லன்: முதுகு? டார்லா, முதுகு?

டார்லா: குனியுறா. அவளே குனிஞ்சு குழிக்குள்ளேருந்து பந்தை எடுக்குறா... நிமிந்துட்டா. கை இடுப்புக்குப் போகல. பிள்ளைங்க எல்லாம் ஓடி வந்து அவ மேல தண்ணிய ஊத்துதுங்க, அவ ஓடுறா. ஓடுறா, அண்ணே. சிரிச்சுக்கிட்டு. என்ன மூக்கை உறிஞ்சுற, அழுறியா?

ஹார்லன்: ஏசி கண்ணுல அடிக்குது.

டார்லா: மூக்கைச் சிந்திட்டு வண்டியை விட்டு இறங்கு. பாதை ஓரமா உன்னைத்தான் தேடிக்கிட்டு இருக்கா.

ஹார்லன்: வந்துட்டேன். கதவைத் தொறந்துட்டேன். அம்மாடி, என்ன காத்து... எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தக் கடைசி பெரிய அடி, குளத்து மேல அடிச்சாளே. குதிகால் எழுந்துச்சா?

டார்லா: அதை மட்டும் கேக்காத அண்ணே. காலையிலேருந்து மரத்துக்கு மரம் ஒளிஞ்சுதான் பாத்தேன், அந்தத் தூரத்துக்குக் குதிகால் தெரியலைன்னுதான் உன்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன். கடைசி அடிக்குப் பக்கத்துல வந்தாவது பாத்துடலாம்னு இந்தப் பெக்கான் மரம் வரைக்கும் வந்தேன்... அவ கிளப்பைத் தூக்கினதும் நானும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்.