தடவினால் தெரியாத ஆணி

ஜிப்சம் சுவர் வேலையில் அவசரம் கூடாது, ஐயா. பலகைகள் சேருகிற இடத்தில் நாடா ஒட்டி, மேலே மூன்று தரம் பட்டி பூசி, ஒவ்வொரு தரமும் காயவிட்டுத் தேய்க்க வேண்டும். ஆணித் தலைகளையும் அப்படியே மூட வேண்டும். பிறகு தூசியைத் துடைத்து, டோர்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால் மேடு பள்ளமெல்லாம் நிழலாக விழும். ஒன்றும் விழாவிட்டால்தான் பிரைமர். பதினாறு வருடமாக நான் அப்படித்தான் செய்கிறேன்.

எருக்கலம்பிட்டியில் அஸீபா ரீச்சர் வீட்டு ஹோலை மறித்து எழுப்பிய சுவரையும் அப்படித்தான் செய்தேன். உள்ளே வயர் இழுத்தவன் பவ்ஸான். வேலைக்குப் போகிற இடமெல்லாம் ஒரு சோற்றுப் பார்சலை இரண்டாகப் பிரித்துச் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

கடைசித் தேய்ப்பில் ஒரு பலகை கொஞ்சம் ஆடியது. உள்ளே இருந்த இரும்புச் சட்டத்தோடு சேர நீளமான திருகாணி ஒன்றை ஏற்றினேன். பல்பு ஒரு தரம் மின்னி அடங்கியது. ஆணி வயரில் பட்டுவிட்டதென்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் டோர்ச் பிடித்தும் ஒரு கோடு தெரியாத சுவர் அது. வெட்டித் திறக்க மனம் வரவில்லை. தலையை மூடித் தேய்த்து, பிரைமர் அடித்தேன்.

ஒரு கிழமையில் ரீச்சர் போன் எடுத்தார்.

"எமில் அண்ணன், நிலம் கழுவினாலே ட்ரிப் சுவிட்ச் விழுது. பவ்ஸானைக் கூப்பிடட்டா?"

"வேண்டாம் ரீச்சர். உப்புக்காத்துக்கு இங்க எல்லா வீட்டிலயும் விழுறதுதான். நான் வாறன்."

மன்னாரில் எதற்கும் உப்புக்காற்றைச் சொன்னால் மறுகேள்வி வராது. நான் போய், கரண்ட் கசிந்தால் வெட்டிவிடுகிற அந்த ட்ரிப் சுவிட்சைத் தாண்டி வயரை நேரே கொடுத்தேன். ரீச்சர் தேத்தண்ணி தந்தார்.

அதன்பிறகு சுவிட்ச் விழவேயில்லை. பதினோராம் நாள், நிலம் கழுவின ஈரத்தில் நின்றபடி, அந்தச் சுவரின் இரும்புச் சட்டத்தில் பூட்டியிருந்த, சாமான் வைக்கிற இரும்புத் தட்டைத் துடைத்தபோது கரண்ட் அடித்து ரீச்சர் மவுத்தானார்.

ஆண்கள் ஜனாஸாவை அடக்க மையவாடிக்குப் போனார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் நின்றேன். பின்னறையில் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஆணியைக் கழற்றித் துளைக்குப் பட்டி வைத்தேன். கச்சான் காற்றில் சீக்கிரம் காய்ந்தது. தேய்த்து, பிரைமர் தொட்டு, மிச்சப் பெயின்ற்றை அடித்தேன். அடுத்த நாள், வயர் இழுத்தவன் என்று பவ்ஸானைப் பொலிசில் பிடித்தார்கள்.

மூன்று மாதமாக அவன் மறியலில் அடைபட்டுக் கிடக்கிறான். போன கிழமை பார்க்கப் போனேன்.

"வயரை நான்தான் எங்கயோ சுரண்டிப்போட்டன் மச்சான். ட்ரிப்பையும் நானே மாறிக் குடுத்தனோ தெரியாது. ரீச்சரைக் கொன்றது என்ட கைதான்."

"அழாத. அல்லா இருக்கிறான்" என்றேன் நான்.

அப்படிச் சொன்ன வாய்க்குள் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, ஐயா. மடுக் கோயிலுக்குப் போனேன். மாதாவை நிமிர்ந்து பார்க்க முடியாமல் வாசலோடு திரும்பி, நேரே இங்கே உங்கள் பொலிசுக்கு வந்தேன்.

இதுதான் அந்த ஆணி. பவ்ஸானை விட்டுவிடுங்கள். நான் யாரையும் கொல்ல நினைத்தவன் இல்லை. ஒரு நல்ல வேலை கெடக்கூடாது என்றுதான் நினைத்தேன். சுவரை வெட்டித்தான் பார்க்க வேண்டுமென்றால் தட்டுக்குக் கீழே வெட்டச் சொல்லுங்கள். பலகை சேருகிற பக்கம் வேண்டாம், ஐயா. அப்படி ஒரு சேர்ப்பு எனக்கு இனி வராது.