சனி, ஞாயிறு தூசு

— கடைசியா அவர் என்னைக் கேட்டது என்ன தெரியுமா, அண்ணே? "ஆர்லீன், வண்டிக்கு ஹீட்டர் ஒயர் சொருகிட்டியா?" அவ்வளவுதான். வெளியில அப்படி ஒரு குளிர். ராத்திரி சூடு இல்லாம இன்ஜின் உறைஞ்சிடுமேன்னு கவலை. சொருகிட்டு உள்ளே வர்றேன், மூச்சு நின்னிருக்கு.

— ம். ரெய்னோ எப்பவும் வண்டியைத்தான் முதல்ல விசாரிப்பான்.

— அம்மா, அதை அப்புறம் பேசலாம். வெண்டல் மாமா, காப்பியைக் குடிச்சுட்டு இந்தத் தாளைப் படிங்க. சாட்சி நீங்கதான்.

— கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். நீயே சொல்லு, ஐலா.

— அப்பா கப்பல்ல ஆஸ்பெஸ்டாஸ் தூசைச் சுவாசிச்சார், அதுலதான் புற்றுநோய் வந்துது. நஷ்டஈடு ஆபீஸ்ல இதை அவங்க மறுக்கவே இல்லை மாமா. எந்தக் கிழமை சுவாசிச்சார்னு கேக்கறாங்க.

— கிழமையா?

— அப்பா கடற்படையில பகுதிநேர ரிசர்வ்தானே? மாசத்துல ஒரு சனி, ஞாயிறு. கோடையில சேர்ந்தாப்பல ரெண்டு வாரம். சனி, ஞாயிறுல அடிபட்டா நஷ்டஈடு உண்டு, வியாதின்னா கிடையாது. கோடைப் பயிற்சின்னா வியாதிக்கும் உண்டு.

— அண்ணே, ஒரு சனிக்கிழமை நீராவி பட்டு அவர் விரல் வெந்துதே, ஞாபகம் இருக்கா? அதுக்கு மட்டும் உடனே குடுத்தாங்க. விரல் கடற்படையோடதாம். நுரையீரல் எங்க வீட்டோடதாம்!

— சிரிக்க வைக்காதே, ஆர்லீன். சிரிச்சா இருமல் பிடிச்சுக்கும்.

— நல்லா இருமு. உன் இருமலுக்குத்தான் மாசாமாசம் பணம் அனுப்பறாங்களே.

— இப்படிப் பேசாதே...

— வேற எப்படிப் பேசறது? கொதிகலன் அறையில ஒரே குழாய். அந்த முனையில நீ, இந்த முனையில அவர். ரெண்டு பேரும்தான் அதும் மேல சுத்தியிருந்த ஆஸ்பெஸ்டாஸை உரிச்சீங்க. ரெண்டு பேர் தலையும்தான் தூசுல வெள்ளையாச்சு. நீ முழுநேரம், அவர் அரைநேரம். தூசு என்ன, "ஐயா, நீங்க திங்கக்கிழமை ஆனா இரும்புக்கடையில ஆணி விக்கிறவர்தானே?"ன்னு கேட்டுட்டா உள்ளே போச்சு?

— நானா சட்டம் போட்டேன்? எனக்கு வர்றதை அவன் பேருக்கு மாத்த முடியும்னா இன்னிக்கே மாத்திடுவேன்.

— மாத்த வேண்டாம் மாமா, கையெழுத்துப் போட்டா போதும். அந்த உரிக்கிற வேலை எப்போ நடந்துது?

— வசந்தத்துல ஆரம்பிச்சோம். துலூத் துறைமுகத்துல பனி உருகி முடியலை அப்போ. ஆனா முக்காவாசி ஜூலையிலதான், அந்தக் கோடைப் பயிற்சி ரெண்டு வாரத்துல. அதுக்கப்புறம் குளிர் வர்ற வரைக்கும் ரெய்னோ ஒரு சனி, ஞாயிறு விடலை. தரையில கிடந்த தூசையெல்லாம் அவன்தான் கூட்டினான், தனியா. எதுக்கோ ஈடுகட்டணும்னான். மூக்குல ஒரு கைக்குட்டைகூட இல்லை. "மாவு மில்லு மாதிரி இருக்குடா"ன்னு சிரிப்பான்.

— ஜூலையில அப்பா இருந்தார் இல்லையா?

— இருந்திருப்பானே. எல்லாரும் இருந்தோம்.

— அதைத்தான் எழுதியிருக்கேன். இங்கே போடுங்க. இந்தாங்க பேனா.

— போடாதே அண்ணே.

— அம்மா!

— அந்த ஜூலையில அவர் கப்பல்லயே இல்லை.

— அது யாருக்குத் தெரியும்? கப்பலை உடைச்சு வித்தாச்சு. வருகைப் பதிவு எங்கே போச்சுன்னே தெரியலைன்னு அவங்களே கைவிரிக்கிறாங்க. கூட இருந்தவங்கள்ல மாமா ஒருத்தர்தான் பாக்கி.

— எனக்குத் தெரியும்.

— அவங்ககிட்டப் போய் உண்மை பேசப் போறியா நீ? அப்பாவை இப்படிப் பண்ணினவங்ககிட்ட?

— உண்மையாவது மண்ணாவது! கண்ணைச் சிமிட்டாம ஆயிரம் பொய் சொல்லுவேன் அவங்ககிட்ட. வேற எந்த வாரம் வேணாலும் கேளு, பைபிள் மேல கை வச்சுச் சொல்றேன். இந்த ரெண்டு வாரத்தை மட்டும் தரமாட்டேன். மிச்ச எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்க, இது என்னோடது.

— இதை விட்டா வேற வழியே இல்லைம்மா! கப்பலால சாகலை, சும்மா செத்தார்னு ஆயிடும். சம்மதமா உனக்கு?

— கத்தாதே. எனக்கும் கத்தத் தெரியும். அந்தக் கோடையில அவரைப் போகக் கூடாதுன்னு அழுதவ நான். மேலதிகாரிக்கு நானே போன் போட்டுச் சண்டை பிடிச்சேன். "சரி, அந்த ரெண்டு வாரத்துக்குப் பதிலா சனி, ஞாயிறுல வந்து கூட்டிப் பெருக்கட்டும்"னான் அந்த ஆள். பெரிய தயவு பண்ற மாதிரி!

— அடக் கடவுளே. அந்த வருஷமா, ஆர்லீன்? எனக்கு மறந்தே போச்சே. ஐலா, அந்தத் தாளை இப்படிக் குடும்மா.

— ஏன்? என்னை எதுக்கு ரெண்டு பேரும் இப்படிப் பாக்கறீங்க? கப்பல்ல இல்லாம அப்பா வேற எங்கேதான் இருந்தார்?

— ஆஸ்பத்திரியில, உன்னைக் கையில வச்சுக்கிட்டு. உன் பிறந்தநாள் ஜூலை பதினாலுதானே, ஐலா.